பிள்ளை பிடிக்கும் பருவம்

ஆடி முடிவதற்குள் நான் ஊருக்கு வந்து நின்றால் அம்மா கேட்கும் முதல் கேள்வி: "பிள்ளை பிடிக்க வந்தாயா, என்னைப் பார்க்க வந்தாயா?" இரண்டுக்கும்தான் என்பேன். நம்ப மாட்டார். நம்பாமலேயே அரிசியும் பருப்பும் போட்டுச் சாதம் வைத்து, நெய்க் கிண்ணத்தைப் பக்கத்தில் தள்ளுவார்.

நான் வேதியியல் ஆசிரியை. இரண்டு மாநிலம் தள்ளி ஓர் ஆராய்ச்சி நிறுவனத்தில் வேலை. அதன் பெயரை எழுதினால் இந்தப் பதிவு விளம்பரமாகிவிடும் என்பதால் எழுதவில்லை. எம்.எஸ்சி.க்கும் பிஎச்.டி.க்கும் விண்ணப்பிக்கத் தகுதியுள்ள மாணவர்களைத் தேடிக் கல்லூரிகளுக்குப் போக வேண்டும் என்று எங்கள் நிறுவனம் முடிவு செய்தபோது, நான் கோபிக்காரி (ஈரோடு மாவட்டத்துக் கோபிசெட்டிபாளையம்) என்ற ஒரே காரணத்துக்காகக் கொங்குப் பகுதியை என் தலையில் கட்டினார்கள். மற்றவர்கள் இதைத் தண்டனையாக நினைக்கிறார்கள். எனக்குப் பிடித்திருக்கிறது. ஈரோடு ஜங்ஷனில் விடியற்காலையில் இறங்கி, பஸ் நிலையத்துக்குப் போய், முதல் கோபி பஸ்ஸில் ஜன்னல் ஓரம் கிடைத்தால் அந்த வருடத்தில் பாதி விடுமுறை எனக்குக் கிடைத்துவிட்டது.

ஏன் ஆகஸ்ட்? ஐ.ஐ.டி.கள் சேர்ந்து நடத்தும் ஜாம் நுழைவுத் தேர்வுதான் எங்கள் எம்.எஸ்சி.க்கு வாசல். ஐ.ஐ.டி.களுக்கும், பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தின் ஒருங்கிணைந்த பிஎச்.டி.க்கும், என்.ஐ.டி.களின் எம்.எஸ்சி.க்கும் அதே மதிப்பெண் பயன்படும். இணையப் பதிவு செப்டம்பர் முதல் வாரத்தில் திறக்கும், அக்டோபர் பாதியில் மூடிவிடும். தேர்வு பிப்ரவரியில். நம் பக்கத்துப் பிள்ளைகள் 'அடுத்து என்ன' என்று யோசிக்கத் தொடங்குவதோ கடைசி செமஸ்டர் தேர்வு எழுதி முடித்த பிறகு, மே மாத வெயிலில். அப்போது என்னைத் தொலைபேசியில் அழைத்து, "மேடம், இப்போது விண்ணப்பிக்கலாமா?" என்று கேட்பவர்களிடம் பதில் சொல்வதுதான் என் வேலையிலேயே கொடுமையான பகுதி. மதிப்பெண் போதாமல் தவறுகிறவர்களைவிடத் தேதி தெரியாமல் தவறுகிறவர்களே அதிகம். இது என் கணிப்புத்தான், ஆனாலும் அடித்துச் சொல்வேன்.

ஆகஸ்டில் போவதிலும் சிக்கல் உண்டு. ஆடிப்பெருக்கு அன்று பவானி கூடுதுறைப் பக்கம் பஸ் நகராது. அந்தியூரில் குருநாதசாமி கோயில் தேரும் குதிரைச் சந்தையும் நடக்கும் நாட்களில் அந்தச் சுற்றுவட்டாரக் கல்லூரிகளில் வருகைப் பதிவேடு இளைத்துவிடும். அதைவிடப் பெரிய சிக்கல், கொங்கு நாடு மூன்று பல்கலைக்கழகங்களில் சிதறிக் கிடப்பது. கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டக் கலைக் கல்லூரிகள் 1982இல் தொடங்கிய பாரதியார் பல்கலைக்கழகத்தின் கீழ் வருகின்றன. ஈரோட்டிலிருந்து காவிரிப் பாலம் தாண்டிப் பள்ளிபாளையத்தில் கால் வைத்தால் நாமக்கல் மாவட்டம். அங்கே பெரியார் பல்கலைக்கழகம். கரூர் போனால் பாரதிதாசன். இந்தக் கரையில் உள்தேர்வு நடக்கும் வாரத்தில் அந்தக் கரையில் விளையாட்டு விழா நடக்கும். இதில் தன்னாட்சிக் கல்லூரிகளின் அட்டவணை தனி. எங்கள் அலுவலகத்தில் வரைபடத்தைப் பார்த்து, "ஒரே பாதையில் எட்டுக் கல்லூரிகளை முடித்துவிடலாமே" என்பார்கள். வந்து முடித்துக் காட்டட்டும்.

இனி மேடையைப் பற்றி. ஒரு கல்லூரிக்கு நான் மின்னஞ்சல் அனுப்பினால் அது முதல்வருக்குப் போகும், அங்கிருந்து வேலைவாய்ப்பு அலுவலருக்குப் போகும். வெளிநாட்டுப் படிப்புக்கு ஆள் சேர்க்கும் கன்சல்டன்சிக்காரர் என்று அவர் என்னை நினைத்துக்கொண்டு, கமிஷன் எவ்வளவு என்று நாசூக்காகக் கேட்பதும் நடந்திருக்கிறது. அந்தக் குழப்பம் தீர்ந்தபின் வரவேற்பு ஏற்பாடுகள் தொடங்கும். தமிழ்த்தாய் வாழ்த்து பாட 55 விநாடிதான் ஆகிறது, அதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. அதன் பிறகு வரவேற்புரை, முதல்வரின் தலைமையுரை, சிறப்பு விருந்தினர் அறிமுகம் (என் பழைய தன்விவரக் குறிப்பை இணையத்திலிருந்து எடுத்து முழுக்க வாசிப்பார்கள்), பொன்னாடை, நினைவுப் பரிசு, அந்த நினைவுப் பரிசோடு எல்லாத் துறைத்தலைவர்களும் நிற்கும் புகைப்படம். ஒரு மணி நேரம் ஒதுக்கியிருந்தால் எனக்கு மிஞ்சுவது இருபது நிமிடம். அம்மா வீட்டுப் பீரோவில் ஒரு தட்டு முழுக்கப் பொன்னாடைகள்.

கூட்டம் என்று பார்த்தால் அரங்கம் நிறைந்திருக்கும். அரங்கம் காலியாகத் தெரியக்கூடாதென்று வணிகவியல், கணினிப் பயன்பாட்டியல் மாணவர்களையும் ஓட்டிக்கொண்டு வந்து உட்கார வைத்திருப்பார்கள். அந்தப் பிள்ளைகளைச் சொல்லிக் குற்றமில்லை. அவர்களுக்கு என்னிடம் எந்த வேலையும் கிடையாது, மின்விசிறிக் காற்று கிடைக்கிறது, அவ்வளவுதான். வேதியியல் மூன்றாம் ஆண்டில் இருப்பவர்கள் நாற்பது பேர் என்றால் அவர்களில் பெரும்பாலோர் பெண்கள். ஒலிபெருக்கியில் நான் பேசியதைக் கேட்டு விண்ணப்பித்த ஒருவரையும் நான் இதுவரை சந்திக்கவில்லை. அதனால் இப்போதெல்லாம் முன்கூட்டியே ஒரு நிபந்தனை வைத்துவிடுகிறேன்: அரங்கம் வேண்டாம், ஆய்வகம் போதும், வேதியியல் மாணவர்கள் மட்டும், மேடை நிகழ்ச்சி கட்டாயம் என்றால் அதை அடுத்த முறை வைத்துக்கொள்ளலாம். சில முதல்வர்களுக்கு இது பிடிப்பதில்லை. விருந்தினரை ஆய்வக ஸ்டூலில் உட்கார வைப்பது மரியாதைக் குறைவு என்று நினைக்கிறார்கள். அவர்களுக்காக ஒரு பொன்னாடையை மட்டும் ஏற்றுக்கொண்டு உள்ளே போய்விடுவேன்.

ஆய்வகத்தில் நான் முதலில் எங்கள் நிறுவனத்தைப் பற்றிப் பேசுவதில்லை. கடையில் வாங்கிய மஞ்சள் தூளும் வெற்றிலைக்குப் போடும் சுண்ணாம்பும் என் பையில் இருக்கும். இரண்டையும் தண்ணீரில் கலந்தால் சிவக்கும். ஆரத்தி எடுத்த வீட்டில் பிறந்த எல்லோருக்கும் இது தெரியும். காரத்தில் மஞ்சள் சிவக்கும் என்று ஒரே குரலில் சொல்வார்கள். "ஏன் சிவக்கிறது?" என்றால் முதல் வரிசை தலையைக் குனிந்துகொள்ளும். பாடநூலில் அந்த வரி இல்லை. மஞ்சளுக்கு நிறம் தரும் குர்குமின் மூலக்கூறின் படத்தைப் பலகையில் வரைந்துவிட்டுப் பேசாமல் நிற்பேன். நிற்பது முக்கியம், நாமே பதில் சொல்லிவிட்டால் கெட்டது. இரண்டு மூன்று நிமிட அமைதிக்குப் பிறகு எங்கிருந்தோ ஒரு குரல், பெரும்பாலும் பின்பக்கத் தொட்டி அருகே நிற்கிற பிள்ளை, "அந்த ஓ.எச். இருக்கிற இடத்தில் புரோட்டான் போய்விடுமா, மேடம்?" என்று கேட்கும். போனால் என்ன ஆகும் என்பேன். எலக்ட்ரான்கள் இன்னும் தாராளமாகப் பரவும், உறிஞ்சும் ஒளி மாறும், நிறம் மாறும் என்று தட்டுத்தடுமாறித் தமிழும் ஆங்கிலமுமாக அந்தப் பிள்ளை வந்து சேரும். அவ்வளவுதான், நான் தேடி வந்த ஆள் அகப்பட்டாயிற்று. மதிப்பெண் பட்டியலில் அந்தப் பிள்ளை எந்த இடத்தில் இருக்கிறது என்று நான் கேட்பதில்லை.

இதற்கு அடுத்த படி நம் ஊர்க்காரர்களுக்குச் சுலபம். ஈரோட்டு மஞ்சளுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது எல்லோருக்கும் தெரியும். அந்த மஞ்சளில் இருக்கும் குர்குமினை 1815இலேயே பிரித்தெடுத்துவிட்டார்கள், அமைப்பைக் கண்டுபிடித்தது 1910இல், இருந்தும் அது தண்ணீரில் ஏறக்குறையக் கரையாது, விழுங்கினால் இரத்தத்தில் சேர்வது மிகக் குறைவு, அதைச் சேர வைக்க இன்றும் உலகம் முழுக்க ஆய்வகங்கள் மண்டையை உடைத்துக்கொள்கின்றன என்று சொன்னால் கண்கள் விரிகின்றன. தன் வீட்டுக் களத்தில் காய்கிற பொருளில் தீராத கேள்வி ஒன்று இருக்கிறது என்று அதுவரை யாரும் அவர்களிடம் சொன்னதில்லை.

சென்னிமலை, காங்கேயம் பக்கம் போனால் மஞ்சளை விட்டுவிட்டுத் தண்ணீரைப் பேசுவேன். வீட்டு போர் தண்ணீரின் டி.டி.எஸ். (கரைந்திருக்கும் உப்புகளின் அளவு) எவ்வளவு என்று கேட்டால் அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் எண்ணை மனப்பாடமாகச் சொல்கிறார்கள். குடிநீருக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராம் நல்லது, வேறு வழியில்லை என்றால் 2000 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்பது இந்தியத் தர அளவு. 1992இல் நொய்யலின் குறுக்கே கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணை பாசனத்துக்கு உதவாமல் சாயக் கழிவு தேங்கும் குட்டையானதும், 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி உயர்நீதிமன்றம் உத்தரவிட்டதும் இவர்களுக்குப் பாடமல்ல, வீட்டுக் கதை. ஒரு துளிக் கழிவும் வெளியேறக்கூடாது என்ற விதிக்குப் பிறகு சவ்வூடு வடித்தலும் ஆவியாக்கலும் இங்கே வந்தன. மிஞ்சுகிற உப்புக் கலவையை என்ன செய்வது என்பது இன்றும் முழுதாகத் தீராத வேதியியல் சிக்கல்.

இப்படிப் பேசிக்கொண்டிருந்த ஒரு நாள், ஒரு பையன் கையை உயர்த்தினான். இரவு நேரத்தில் சாயப்பட்டறை ஆய்வகத்தில் வேலை, பகலில் கல்லூரி. ஷேடு மேட்ச் செய்வதுதான் அவன் வேலை. வாங்குபவர் அனுப்பிய துணித்துண்டின் நிறத்துக்குச் சாயக் கலவையைக் கருவியில் வைத்துப் பொருத்த வேண்டும். "நீங்கள் பலகையில் வரைந்த வரைபடம் எங்கள் கம்பெனிக் கணினியில் தினமும் வரும், மேடம். அது என்னவென்று இன்றைக்குத்தான் தெரிந்தது" என்றான். எந்த ஒளி எவ்வளவு உறிஞ்சப்படுகிறது என்ற அந்த வரைபடத்தைத் தரும் நிறமாலைக் கருவி அந்தக் கல்லூரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் பூட்டி இருந்தது. அதை இயக்கத் தெரிந்த ஒரே மாணவன் அவன், கற்றது வேறிடத்தில். அவனைப் பிடித்து உலுக்கி எம்.எஸ்சி. படிக்க வைத்துவிட வேண்டும் போல இருந்தது. இரவுச் சம்பளத்தில் தங்கையின் கல்லூரிக் கட்டணம் போகிறது என்றான். என் தொலைபேசி எண்ணைக் கொடுத்துவிட்டு வந்தேன். அவ்வப்போது செய்தி அனுப்புகிறான், இன்னும் விண்ணப்பிக்கவில்லை.

பணத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். சி.எஸ்.ஐ.ஆர். நெட் என்ற தேசியத் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை பெற்றால் பிஎச்.டி.யின் முதல் இரண்டு ஆண்டுகள் மாதம் 37,000 ரூபாய், அதன் பிறகு 42,000. 2023 ஜனவரி முதல் இதுதான் தொகை; வீட்டு வாடகைப்படி தனி. இதைப் பலகையில் எழுதியபோது ஒரு மாணவி நோட்டில் குறித்துக்கொண்டு, "இது வருடத்துக்கா, செமஸ்டருக்கா?" என்று கேட்டாள். கட்டணம் என்று நினைத்துவிட்டாள். அவளுக்கு மட்டுமல்ல, பக்கத்தில் இருந்தவர்களுக்கும் அதே சந்தேகம். படிப்பு என்றால் நாம் கட்டுவது. பத்தாம் வகுப்பு டியூஷனிலிருந்து பி.எஸ்சி. வரை அவர்கள் பார்த்தது அது ஒன்றைத்தான். இல்லை, அவர்கள் உனக்குத் தருவார்கள் என்றதும் சிரித்தார்கள். என்னோடு வந்திருந்த பேராசிரியர், தனக்கும் ஒரு காலத்தில் அப்படி வந்தது என்று சாட்சி சொன்ன பிறகுதான் நம்பினார்கள். அந்தப் பத்து நிமிடத்தில் எத்தனை பேர் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள் என்று பார்த்தபோது, எங்கள் நிறுவனம் வண்ணத்தில் அச்சடித்துக் கொடுத்த கையேட்டில் இந்தத் தொகை கடைசிப் பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் இருப்பது எரிச்சலாக இருந்தது.

எங்களுக்குப் போட்டி வேறு பல்கலைக்கழகங்கள் என்று எங்கள் இயக்குநர் நினைக்கிறார். இல்லை. பெண்களைப் பொறுத்தவரை போட்டி பி.எட்.; அடுத்தது ஜாதகம். பையன்களுக்குத் திருப்பூர். பி.எஸ்சி. முடித்ததும் பி.எட். போட்டுவிட்டால் டீச்சர் வேலை, கௌரவம், சாயங்காலம் வீட்டில் இருக்கலாம் என்று ஒரு கணக்கு. 2015 முதல் பி.எட். இரண்டு ஆண்டுப் படிப்பாகிவிட்டது, எம்.எஸ்சி.க்கும் அதே இரண்டு ஆண்டுதான் என்பதை எடுத்துச் சொன்னால் கொஞ்சம் யோசிக்கிறார்கள். பி.எட். மட்டமான படிப்பு என்று நான் சொல்ல மாட்டேன். எனக்கு ஆர்வத்தைக் கிளப்பியவரே ஓர் அரசுப் பள்ளி ஆசிரியைதான். ஆனால் எலக்ட்ரான் பரவுவதைத் தானே கண்டுபிடித்த பிள்ளை, வேறு வழி இருப்பதே தெரியாமல் அங்கே போய்ச் சேர்வது எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

இந்த அலைச்சலில் நான் கண்டுகொண்டது ஒன்றுதான். ஆள் சேர்ப்பது நானல்ல. ஒவ்வொரு கல்லூரியிலும் ஓர் ஆசிரியர் இருக்கிறார், சில இடங்களில் இல்லை. இருக்கிற இடத்திலிருந்து விண்ணப்பம் வருகிறது, இல்லாத இடத்திலிருந்து வருவதில்லை. எங்கள் நிறுவனத்தின் பெயரோ கையேடோ நான் பேசிய அழகோ அதில் எதையும் மாற்றவில்லை. ஈரோடு மாவட்டத்தில் ஓர் உதவிபெறும் கல்லூரியில் இருக்கும் அம்மையார் ஒருவரை நினைத்துச் சொல்கிறேன். அவரிடம் நீளமான கணக்கு நோட்டு ஒன்று இருக்கிறது. ஜாம், மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான சி.யு.இ.டி. நுழைவுத் தேர்வு, மத்திய நிறுவனங்களின் கோடைப் பயிற்சி எனத் தேதிகள் ஒரு பக்கம். எதிர்ப்பக்கத்தில், முன்பு அவற்றில் தேறிப் போன மாணவர்களின் தொலைபேசி எண்கள். இரண்டாம் ஆண்டு மாணவிகளைக் கூப்பிட்டு, "இந்த அக்காவிடம் பேசு" என்று தன் கைபேசியையே கொடுத்துவிடுவார். ஜாமில் அறுபது கேள்வி, மூன்று மணி நேரம், எந்தப் பகுதியில் தவறுக்கு மதிப்பெண் கழிப்பார்கள், எதில் கழிக்க மாட்டார்கள் என்பதெல்லாம் அந்த அக்கா சொன்னால்தான் ஏறுகிறது. பக்கம் பக்கமாக விடை எழுதிப் பழகிய பிள்ளைகளுக்கு எண்ணை மட்டும் தட்டச்சு செய்யும் தேர்வு மிரட்சி தருகிறது. அந்த மிரட்சியை ஒரு வருடம் முன்பே தீர்த்துவிடுகிறார் அவர். இதற்காக அவருக்குக் கல்லூரி ஒரு மணி நேரப் பாடவேளையும் குறைக்கவில்லை.

அவர்தான் ஒரு மாலை என்னைக் கவுந்தப்பாடிப் பக்கம் ஒரு மாணவியின் வீட்டுக்கு அழைத்துப் போனார். பிள்ளை தயார், அப்பா தயாராக இல்லை. நாங்கள் போனபோது ஆலைக்கொட்டகையில் கரும்புச்சாற்றுக் கொப்பரை கொதித்துக்கொண்டிருந்தது. பாகு இறங்கும் வரை அவர் எங்கள் பக்கம் திரும்பவில்லை. அது சரிதான், பதம் தவறினால் அன்றைய உழைப்பு போச்சு. இறக்கித் தொட்டியில் கொட்டிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு வந்து கட்டிலைக் காட்டி, "உட்காருங்க" என்றார். பழனிப் பஞ்சாமிர்தத்துக்கு இந்த ஊர் நாட்டுச் சர்க்கரைதான் போகிறது என்பதில் அவருக்குப் பெருமை. பெருமைப்பட வேண்டியதுதான்.

வயலில் என்ன கரும்பு என்று கேட்டேன். "86032" என்றார். கோ 86032. அந்த 'கோ' கோவையைக் குறிக்கிறது. 1912இல் அங்கே தொடங்கிய கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் உருவான ரகம். அதே நிலையத்தில் 1930களில் ஜானகி அம்மாள் என்று ஒருவர் வேலை பார்த்தார், தலச்சேரிக்காரர், அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 1931இல் முனைவர் பட்டம் வாங்கித் திரும்பியவர், கரும்பின் குரோமோசோம்களைப் படித்தவர் என்று சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டார். "அந்த அம்மா கல்யாணம் பண்ணிக்கொண்டாரா?" என்று வீட்டுக்குள்ளிருந்து பாட்டியின் குரல் வந்தது. இல்லை என்று நான் சொல்வதற்குள் கூட வந்த ஆசிரியை என் கையை அழுத்தி, "எங்கள் மேடத்துக்கு ஆகிவிட்டது, அம்மாயி, இரண்டு பிள்ளைகள்" என்று முந்திக்கொண்டார். எத்தனை வீடு ஏறி இறங்கிய அனுபவம் அது!

அப்பாவின் கேள்விகள் எல்லாம் சரியான கேள்விகள். எத்தனை வருடம்? எம்.எஸ்சி. இரண்டு, பிஎச்.டி. ஐந்து. "அப்படியானால் பிள்ளைக்கு இருபத்தெட்டு ஆகிவிடுமே, அம்மணி." ஆமாம், ஆகிவிடும். இடையில் கல்யாணம் செய்துகொண்டவர்கள் எங்கள் வளாகத்தில் நிறையப் பேர் இருக்கிறார்கள், அவர்களுக்கெனக் குடியிருப்பும் இருக்கிறது, அண்ணா. விடுதியில் என்ன சாப்பாடு? ரயில் எத்தனை மணிக்கு, நேராகப் போகிறதா, மாற வேண்டுமா? காய்ச்சல் என்றால் யார் பார்ப்பது? எம்.எஸ்சி. முடித்ததும் நிறுத்திக்கொள்ளலாமா? நிறுத்திக்கொள்ளலாம், அந்தப் பட்டத்துக்கே வேலை உண்டு என்றதும் முகம் கொஞ்சம் தெளிந்தது. பிறகு, நீங்கள் எந்த ஊர், யார் வீடு என்று விசாரித்தார். அந்தக் கேள்வி எதைத் தெரிந்துகொள்ளக் கேட்கப்படுகிறது என்று இந்த மண்ணில் பிறந்த எனக்குத் தெரியாதா? ஊர்ப் பெயரோடு நிறுத்திக்கொண்டேன். அவரும் அதற்கு மேல் தோண்டவில்லை. மகள் கதவருகே நின்றுகொண்டு ஒரு வார்த்தை பேசவில்லை. ஆய்வகத்தில் குர்குமினின் புரோட்டானைக் கழற்றியவள் அவள்தான்.

அந்தப் பெண் ஜாம் எழுதினாள், சி.யு.இ.டி.யும் எழுதினாள். ஹைதராபாத் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்து அங்கே போய்விட்டாள். எங்களிடம் வரவில்லை. எங்கள் துறையில் ஆண்டறிக்கை தயாரித்தபோது, நான் போன கல்லூரிகளிலிருந்து எத்தனை பேர் நம்மிடம் சேர்ந்தார்கள் என்ற கட்டத்தில் எழுத ஒன்றும் பெரிதாக இல்லை. "ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்க்கிறீர்கள்" என்ற பொருளில் மேலே இருக்கும் ஒருவர் ஆங்கிலத்தில் ஏதோ சொன்னார். எத்தனை வளாகங்களுக்குப் போனீர்கள், எத்தனை பேர் முன்னால் பேசினீர்கள் என்ற கட்டங்களுக்கோ பெரிய எண்கள் வேண்டும் என்கிறார்கள். அரங்கம் நிறைய வணிகவியல் மாணவர்களை உட்கார வைத்தால் அந்த எண் அழகாக வரும். ஆய்வகத்தில் பதினைந்து பேர் என்று எழுதினால் புருவம் உயர்கிறது. நான் பதினைந்து என்றே எழுதுகிறேன். ஒரு மாணவி எங்கே போனாலும் வேதியியலுக்குள்தானே போயிருக்கிறாள். அடுத்த வருடம் அவள் ஊர்த் தங்கை ஒருத்தி எங்களுக்கு விண்ணப்பித்தாள், அவள் சொல்லித்தான். அதற்கு அறிக்கையில் கட்டம் இல்லை.

கடைசியாக, இந்தப் பக்கத்தை வாசிக்கும் கல்லூரி ஆசிரியர்களுக்கு நடைமுறைச் செய்தி ஒன்று. மத்திய நிறுவனங்களில் இடஒதுக்கீடு கோர, நம் மாநிலத்தின் பி.சி., எம்.பி.சி. சாதிச் சான்றிதழ் மட்டும் போதாது. மத்திய அரசின் படிவத்தில், வசதிபடைத்த பிரிவில் வரவில்லை என்று குறிப்பிடும் ஓ.பி.சி. சான்றிதழ் தனியாக வேண்டும். அதற்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பித்துத் தாசில்தார் அலுவலகத்தில் வாங்க வேண்டும். ஆண்டு வருமான வரம்பு 8 லட்சம் ரூபாய்; சம்பளமும் விவசாய வருமானமும் அந்தக் கணக்கில் சேராது. இது தெரியாமல், தோட்டம் இருக்கிறது, நமக்குக் கிடைக்காது என்று விண்ணப்பிக்காமலேயே விட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். நில அளவுக்குத் தனி விதி உண்டு, அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பெண்களுக்கும், எஸ்.சி., எஸ்.டி., மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கும் ஜாம் கட்டணம் மற்றவர்கள் கட்டுவதில் பாதிதான் என்பதையும் சொல்லிவிடுங்கள். தேர்வு எழுதக் கோவையிலேயே மையம் இருக்கிறது. ஜூனில் கல்லூரிச் சேர்க்கைக்காகச் சான்றிதழ் வாங்க வருபவர்களால் தாசில்தார் அலுவலகம் நிரம்பி வழியும். ஆகஸ்டில் அனுப்பினால் பிள்ளைகள் ஒரு நாள் வகுப்போடு தப்பிப்பார்கள்.

இந்த வருடம் தாராபுரம், கரூர்ப் பக்கம் வருகிறேன். அழைக்க விரும்புகிறவர்கள் இரண்டாம் ஆண்டு மாணவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மஞ்சளும் சுண்ணாம்பும் நான் கொண்டுவருவேன். சோதனைக் குழாய்கள் மட்டும் உங்கள் பொறுப்பு.